நெடுந்துறைக்குத் திரும்பி வந்தவர்கள்

புயல் ஓய்ந்த பிறகு நெடுந்துறைக் கரைக்குப் படகுப் பலகைகள் வந்தன, ஐஸ் பெட்டி மூடிகள் வந்தன, யாருடையதென்று தெரியாத ஒற்றைச் செருப்புகள் வந்தன, ஆட்கள் மட்டும் வரவில்லை. ஹெலிகாப்டர் சில நாள் சுற்றிவிட்டுப் போனது, அதிகாரிகள் வந்து தேடுதல் முடிந்தது என்று சொல்லிவிட்டுப் போனார்கள், டிவிக்காரர்கள் மாதா கோயில் முன்னால் அழுத பெண்களைப் படம்பிடித்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் போனார்கள், அதன்பிறகு ஆண்களைக் கடலுக்குக் கொடுத்த வீடுகளில் இருப்பவர்கள் என்ன சொல்ல நினைத்தாலும் கேட்க ஆளில்லாமல் போனபோது, ஐஸ் பிளான்டில் பில் போடும் வேலை பார்த்த எஸ்கலின் ஒரு வலைப்பூ தொடங்கினாள்.

அதற்கு 'கரையில் நிற்கிறோம்' என்று பெயர் வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வீடுவீடாகப் போய் உட்கார்ந்து, காணாமல் போனவன் எப்படிச் சிரிப்பான், குழம்பில் எந்தத் துண்டை முதலில் எடுப்பான், உடம்பில் எங்கே தழும்பு, தூக்கத்தில் என்ன உளறுவான், பெண்டாட்டியை என்ன சொல்லிக் கூப்பிடுவான் என்றெல்லாம் கேட்டுக்கொண்டு வந்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில் பிளான்ட் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஆளுக்கொரு பக்கம் எழுதினாள். துபாயிலும் மஸ்கட்டிலும் இருந்த சொந்தக்காரர்கள் படித்துவிட்டு அழுது எழுதினார்கள். படிக்கத் தெரியாத பெண்கள் பக்கத்து வீட்டில் சொல்லி வாசிக்கக் கேட்டார்கள். கேட்டுவிட்டு பிளான்ட் ஜன்னலுக்கு வந்து, "அவரு மீன்தலைய யாருக்கும் குடுக்க மாட்டாருன்னு போடு பிள்ளை, அது விட்டுப்போச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஒரு பக்கம்தான் வெளிவரவில்லை. அது எஸ்கலினின் கணவன் தோபியாஸின் பக்கம். எழுதுவாள், அழிப்பாள், மறுபடி எழுதுவாள். கடைசியாக மிச்சம் நின்றது, அவன் கடலுக்குக் கிளம்பிய காலையைப் பற்றிய சில வரிகள். வாசலில் திரும்பி நின்று, "எஸ்கலின், நான் ஒன்னு" என்று ஆரம்பித்தான். அவள் அடுப்பில் பால் பொங்கியதைப் பார்த்து, "வந்து சொல்லும்" என்றாள். அந்த இடத்தில் எழுத்து நின்றது. அதற்கு மேல் என்ன எழுதுவது என்று அவளுக்குத் தெரியவில்லை, அப்படியே வரைவில் போட்டு வைத்தாள்.

முதல் குப்பைக் கமெண்ட் ரெஜினாவின் கணவன் கஸ்பாருடைய பக்கத்தின் கீழே வந்தது. 'மிகவும் அற்புதமான தகவல். நான் இந்த தலைப்பை நீண்ட காலமாக தேடிக்கொண்டு இருக்கிறேன். நல்ல வேலையை தொடருங்கள். முடி உதிர்வுக்கு என் பக்கத்தை வருகை செய்யவும்.' எஸ்கலின் அதை அழித்தாள். மறுநாள் கைக்கடிகாரம் விற்பவன் வந்திருந்தான், அதற்கு மறுநாள் தொப்பை குறைப்பவனும் கனடா விசா தருபவனும் பிரிந்தவரைச் சேர்த்துவைக்கும் ஜோசியனும் வந்திருந்தார்கள். செத்தவன் பெயருக்குக் கீழே சிரித்த முகமும் கட்டைவிரலும். அவள் அழிக்க அழிக்க அவர்கள் வந்தார்கள். இப்படிக் கமெண்ட் போடும் இயந்திரங்களைத் தடுக்க ஒரு பூட்டு இருக்கிறது என்று கேள்விப்பட்டு அதைப் போட்டாள். கமெண்ட் எழுதுகிறவர்கள் தாங்கள் மனிதர்தான் என்று நிரூபிக்க, சிக்னல் விளக்கு இருக்கும் படங்களைத் தொட்டுக் காட்ட வேண்டும். நெடுந்துறையில் சிக்னல் விளக்கு கிடையாது. ரெஜினா ஒரு மத்தியானம் முழுக்கப் படங்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நான் மனுசி இல்லைங்குது மக்கா" என்று போனைத் திருப்பிக் கொடுத்தாள். முடி உதிர்வுக்காரன் ஒரு தடவையில் உள்ளே வந்துவிட்டான்.

அதற்கு அடுத்த வாரம் அவன் நேரிலேயே வந்தான். காலை முதல் பஸ்ஸில் இறங்கி, மடிப்புக் கலையாத சட்டையுடன், பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறந்துபோகிற முகத்துடன், யாரிடமும் வழி கேட்காமல் நேராக ரெஜினாவின் வீட்டு வாசலுக்குப் போய் நின்று, மிகவும் அற்புதமான தகவல் என்றான், இந்த தலைப்பை நீண்ட காலமாகத் தேடுவதாகச் சொன்னான், நல்ல வேலையைத் தொடரச் சொன்னான். ரெஜினா அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வெயிலில் வந்தவன் என்று ஒரு டம்ளர் கடுங்காப்பி கொடுத்தாள். மறுநாள் பஸ்ஸில் மற்றவர்களும் வந்தார்கள்.

ஊர் அவர்களை ஏற்றுக்கொள்ள அதிக நாள் எடுக்கவில்லை. அவர்கள் திருடவில்லை, குடிக்கவில்லை, பெண்களைத் தப்பாகப் பார்க்கவில்லை. எதைக் காட்டினாலும் அற்புதம் என்றார்கள், எந்தக் குழந்தை எதை ஒப்பித்தாலும் தொடருங்கள் என்றார்கள். மீன் ஏலத்தில் சுற்றி நின்று அழுகின சாளையைக்கூடப் பாராட்டியதால் ஏலக்காரர் அவர்களுக்கு நிழலில் இடம் கொடுத்தார். ஆளில்லாத சாவு வீட்டில் வரிசையாக உட்கார்ந்து கூட்டம் காட்டினார்கள். மாதா திருவிழாவில் சப்பரம் தூக்க ஆண்கள் போதாமல் இருந்தது, அவர்கள் தோள் கொடுத்தார்கள், சப்பரத்துக்கு அடியில் இருந்தபடியே கனடா விசாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார்கள், பாட்டுச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

எஸ்கலின் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. அவள் பிளான்டில் உட்கார்ந்து ஒரு கமெண்டை அழித்தால், ஊரில் எங்கோ ஒருவன் பேச்சின் பாதியில் இல்லாமல் போவான், அவன் பிடித்திருந்த டம்ளர் தரையில் விழுந்து உருளும். அதனால் பெண்கள் ஜன்னலுக்கு வந்து சண்டை பிடித்தார்கள்.

"உனக்கு அவன் என்ன செய்தான்? சும்மா நின்னு ஒரு நல்ல வார்த்தை சொல்லுதான். எம்புருசன் போனதுக்கு அப்புறம் எங்கிட்ட யாரு நல்ல வார்த்தை சொன்னா?" என்றாள் ரெஜினா.

"அது நல்ல வார்த்தை இல்லக்கா. அவனுக்கு நீங்க யாருன்னே தெரியாது."

"தெரிஞ்சவங்க எல்லாம் வந்து பேசுனாங்களாக்கும்?"

எஸ்கலின் அதற்குப் பிறகும் அழித்தாள். சாப்பிடாமல் அழித்தாள், பில் போடுவதற்கு நடுவில் அழித்தாள், பூசையில் மண்டியிட்டபடி போனில் அழித்தாள். புதிதாக ஒரு பக்கம் எழுதிப் பல மாதம் ஆகியிருந்தது. எழுதுகிறவளாக இருந்தவள் பெருக்குகிறவளாக ஆகிவிட்டாள்.

அந்த அசதியில்தான் ஒரு மெயில் வந்தது. 'அன்பான எஸ்கலின், உங்கள் கணவர் தோபியாஸ் படகு தூர நாட்டுத் துறைமுகத்தில் அகப்பட்டது. புகைப்படம் பார்க்க இங்கே அழுத்தவும்.' அந்தத் தமிழைப் பார்த்ததுமே அது எங்கிருந்து வருகிறது என்று அவளுக்குத் தெரிந்தது. தொப்பை குறைப்பவனின் தமிழ் அது, ஜோசியனின் தமிழ் அது. தெரிந்தும் அதைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒருவேளை, என்று நினைத்தாள். அந்த ஊரில் அந்த வார்த்தையை நினைக்காமல் யாரும் சோறு தின்றதில்லை. அழுத்தினாள். பாஸ்வேர்டு கேட்டது. கொடுத்தாள். வெள்ளைத் திரை ஒன்று வந்து நின்றது, வெகு நேரம் நின்றது, அதில் படகும் இல்லை, துறைமுகமும் இல்லை.

மறுநாள் வலைப்பூ அவளுக்குத் திறக்கவில்லை. 'உங்கள் கடவுச்சொல் வெற்றிகரமாக மாற்றப்பட்டது' என்று ஒரு செய்தி மட்டும் வந்திருந்தது. வெளியாளைப் போல நின்று தன் பக்கங்களைப் பார்த்தாள். அவள் எழுதியது எல்லாம் அப்படியே இருந்தது. ஒவ்வொரு பக்கத்தின் கடைசியிலும் புதிதாக ஒரு வரி சேர்ந்திருந்தது: நான் திரும்பி வந்துவிட்டேன்.

அன்று மத்தியானம் கஸ்பார் கடற்கரைப் பக்கமிருந்து நடந்து வந்தான். காலில் மணல் ஒட்டவில்லை, உடையில் ஈரமில்லை. அவன் பின்னால் காணாமல் போன மற்றவர்களும் வந்தார்கள், ஒவ்வொருவனும் தன் தெருவில் திரும்பி, தன் வீட்டில் குனிந்து நுழைந்தான். நெடுந்துறையில் அன்றைக்கு எழுந்த அழுகையைக் கேட்டுப் பக்கத்து ஊர்க்காரர்கள் மறுபடி புயல் என்று நினைத்துப் படகுகளை மேலே இழுத்தார்களாம்.

எஸ்கலின் ஓடிப்போய் ரெஜினாவின் வீட்டில் நின்றாள். கஸ்பார் பாயில் உட்கார்ந்து மீன்தலையைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சிரிப்பு அதே சிரிப்பு. "ரெஜி குட்டி" என்று கூப்பிடுவதும் அதேதான். தழும்பு மட்டும் இடது புருவத்தில் இருந்தது. கஸ்பாருக்குத் தழும்பு வலது புருவத்தில். எழுதும்போது அவள்தான் கைதவறி இடது என்று போட்டிருந்தாள், திருத்த வேண்டும் என்று நினைத்து விட்டுவிட்டாள்.

அவள் வாயைத் திறப்பதற்குள் ரெஜினா அவள் கையைப் பிடித்து அடுக்களைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"ஒன்னும் சொல்லாத."

"அக்கா, தழும்பு..."

"எனக்குத் தெரியாதா? அந்தத் தழும்புல நான் மருந்து போட்டிருக்கேன். எனக்குத் தெரியாதா?" ரெஜினாவின் குரல் தாழ்ந்திருந்தது, நகம் எஸ்கலினின் மணிக்கட்டில் பதிந்தது. "என் மக அப்பான்னு கூப்பிட்டா. கூப்பிட்டதுக்கு ஒருத்தன் என்னம்மான்னு கேட்டான். போதும் எனக்கு. நீ போ."

இப்படித்தான் மற்ற வீடுகளும் இருந்தன. வந்தவர்களிடம் எஸ்கலின் எழுதியது எல்லாம் இருந்தது, எழுதாதது எதுவும் இல்லை. ஒருவனுக்குச் சீட்டியடிக்கத் தெரிந்தது, நீந்தத் தெரியவில்லை. ஒருவனுக்குப் பெண்டாட்டியின் செல்லப் பெயர் தெரிந்தது, பிள்ளைகளின் பெயர் தெரியவில்லை. சொன்னதையே சொன்னார்கள், நடுநடுவே குழம்பு அருமை, மேலும் அறிய இங்கே அழுத்தவும் என்றும் சொன்னார்கள். பெண்கள் அதற்குப் பழகிக்கொண்டார்கள். உயிரோடு இருந்த காலத்தில் மட்டும் புதிதாக என்ன பேசிக் கிழித்தான் என்று குழாயடியில் சிரித்துக்கொண்டார்கள். புதிதாக மாற்றலாகி வந்திருந்த சாமியார் ஒவ்வொரு வீடாகப் போய்த் தீர்த்தம் தெளித்து ஆசீர்வதித்துவிட்டு வந்தார்.

எஸ்கலினின் வீட்டுக்குத் தோபியாஸ் கடைசியாக வந்தான். வரைவாகவே நின்றுபோனவன். வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. அவள் எழுதியது வாசல் வரைதான். நிலையில் கை வைத்துத் திரும்பி நின்று, "எஸ்கலின், நான் ஒன்னு" என்றான். நிறுத்தினான். மறுபடி, "எஸ்கலின், நான் ஒன்னு" என்றான்.

இவன் அவனில்லை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவன் முன்னால் நின்றாள். "சொல்லும்" என்றாள். "இப்ப வேலை எதுவும் இல்ல. சொல்லும்." வேலைக்குப் போகாமல் நாள்கணக்கில் அந்த வாசலில் உட்கார்ந்து அவன் வாயையே பார்த்தாள். மாமியார் அமலோற்பவம் மகனுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அவன் காலைப் பிடித்துவிட்டாள். ஒருநாள் அவன் பேச்சு மேலே போனது.

"எஸ்கலின், நான் ஒன்னு," என்றான் தோபியாஸ். "உங்கள் தாயார் பிறந்த ஊர் எது?"

அவன் குரலில், அவன் கண்ணோடு, அவ்வளவு பிரியமாகக் கேட்டான். வாய்வரை வந்த பதிலைப் பல்லைக் கடித்து நிறுத்தினாள். ஆனால் மாமி பக்கத்திலிருந்து, "எங்கம்மைக்குச் சொந்த ஊரு கொம்புத்துறை மக்கா, உனக்குத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டாள்.

மாலையில் விளக்கு ஏற்றும்போது, "மாமி, உங்கம்மா ஊரு எது?" என்று எஸ்கலின் கேட்டுப் பார்த்தாள்.

கிழவி யோசித்தாள். "எங்கம்மைக்கு ஊரு உண்டுமா?" என்றாள்.

எல்லா வீட்டிலும் அவர்கள் கேட்டார்கள். முதலில் படித்த பள்ளிக்கூடம் எது, சின்ன வயதில் வளர்த்த நாயின் பெயர் என்ன, கல்யாணம் நடந்த மாதம் எது. திரும்பி வந்தவன் இவ்வளவு ஆசையாகக் கேட்கிறானே என்று பெண்கள் சொன்னார்கள், சொன்ன ஒவ்வொன்றும் அவர்கள் நினைவை விட்டுப் போனது. யாரும் பதறவில்லை. குழாயடியில் ஒருத்தி கதை சொல்ல ஆரம்பித்துப் பாதியில் நின்றால் மற்றவர்கள் காத்திருந்தார்கள், பிறகு தண்ணீர் நிரம்பிவிட்டதென்று கலைந்தார்கள். எஸ்கலின் வீடுவீடாகப் போய், பதில் சொல்லாதீர்கள் என்று கெஞ்சினாள். கட்டினவன் கேட்டால் எப்படிச் சொல்லாமல் இருப்பது என்று கேட்டார்கள்.

பஸ் ஏறி நகரத்துக்குப் போய்ப் போலீசில் சொன்னாள். கம்ப்யூட்டர் குற்றங்களைப் பார்க்கும் அதிகாரி பொறுமையாகக் கேட்டார். "பணம் எதும் போச்சாம்மா?" என்றார். இல்லை என்றாள். "ஆள் யாருக்காவது அடிபட்டுதா?" இல்லை என்றாள். அவர் பேனாவை மூடினார். "ஆள் காணோம்னு புகார் வாங்குவேன். ஆள் திரும்பி வந்துட்டான்னு எப்படிம்மா வாங்குறது?"

வலைப்பூ நடத்துகிற கம்பெனிக்கு எழுதினாள், பதில் இல்லை, மறுபடி எழுதினாள். அடையாள அட்டையை அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினாள். மங்கலாக இருக்கிறது என்றார்கள், மறுபடி அனுப்பினாள். மழைக்காலம் வந்து போன பிறகு ஒரு மெயில் வந்தது. கணக்கைத் திருப்பித் தர முடியாது, உரிமையாளர் விரும்பினால் முழுவதையும் அழிக்கலாம், அழித்தால் ஓர் எழுத்துகூடத் திரும்பக் கிடைக்காது, சம்மதம் என்றால் கீழே தொடவும்.

மறைக்கக் கூடாது என்று அவள் கோயில் முற்றத்தில் பெண்களைக் கூட்டிச் சொன்னாள். ரெஜினா எழுந்து வந்து, எல்லார் முன்னாலும் எஸ்கலினின் காலைத் தொட்டாள்.

"இன்னொரு தடவ என்னால முடியாது மக்கா. நீ படிச்சவ, உனக்கு உண்மை வேணும். எனக்கு வேண்டாம். விட்டுரு."

எஸ்கலின் அவளைத் தூக்கி நிறுத்தி, "தொட மாட்டேன்க்கா" என்றாள். அந்த வார்த்தையை மனதாரத்தான் சொன்னாள். தொடாமல்தான் இருந்தாள், கிறிஸ்துமஸ் போனது, தவக்காலம் வந்தது. வாசலில் நின்றவன் கேட்டுக்கொண்டே இருந்தான், அமலோற்பவம் சொல்லிக்கொண்டே இருந்தாள், கிழவியின் பேச்சு நாளுக்கு நாள் குறைந்து, கடைசியில் அவளிடம் சொல்லக்கூடியது அதிகம் மிச்சமில்லை.

ஒரு காலை எஸ்கலின் ஈரத்துணியோடு முற்றத்திலிருந்து வந்தபோது, சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் படத்துக்கு முன்னால் மாமி நின்றுகொண்டிருந்தாள்.

"யாரு பிள்ளை இந்தப் பையன்? நல்ல களையா இருக்கான்."

வாசலில் நின்றவன் அந்தச் சமயம் பார்த்து, "உங்கள் மகனின் முழுப் பெயர் என்ன?" என்று கேட்டான். கிழவி திரும்பிப் பார்த்து வாயைத் திறந்தாள். எஸ்கலின் ஓடிப்போய் அந்த வாயைப் பொத்துவதற்குள் சொல்லி முடித்துவிட்டாள்.

துணி தரையில் கிடந்தது. எஸ்கலின் போனை எடுத்தாள். வாசலில் நின்றவனைப் பார்த்துக்கொண்டே தேடினாள், கம்பெனியின் மெயிலைத் திறந்தாள். "எஸ்கலின், நான் ஒன்னு" என்றான் அவன். மற்றதைச் சொல்ல அவனுக்குக் கொஞ்ச நேரம் கொடுத்தாள். அவன் சொல்லவில்லை. தொட்டாள்.

நிலையில் கை இல்லை. வெளியே வெயில் மட்டும் இருந்தது. ஒவ்வொரு தெருவாகக் கதவுகள் திறக்கும் சத்தம் கேட்டது, பிறகு பெண்கள் வந்து அவள் வீட்டு முன்னால் நின்றார்கள். கல்லெறிவார்கள் என்று எஸ்கலின் எதிர்பார்த்தாள். அவர்கள் நின்றார்கள், அவ்வளவுதான். அழ வந்த முகங்கள், யாருக்காக என்று தெரியாத முகங்கள். ரெஜினா முன்னால் வந்து, "என் வீட்டுல ஒருத்தர் இருந்தாரு," என்றாள். பெயருக்காக நின்றாள். உதடு அசைந்தது, கேட்டவனிடம் எப்போதோ கொடுத்துவிட்ட பெயர் வரவில்லை. "ஒருத்தர் இருந்தாரு. அவர என்ன செய்த?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள். அன்றிலிருந்து எஸ்கலினோடு யாரும் பேசவில்லை. வெறும் பஸ் வந்தது, வெறும் பஸ் போனது. வலைப்பூ இருந்த இடத்தில், இப்படி ஒரு பக்கம் இல்லை என்ற வரி இருந்தது.

புயலின் ஆண்டு நாள் வந்தது. நினைவுப் பூசையில் வீட்டு ஆள் எழுந்து இழந்தவரின் பெயரைச் சொல்லி மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டும் என்பது அந்த ஊர் வழக்கம். சாமியார் கூப்பிட்டார். கறுப்புச் சேலையில் பெண்கள் எழுந்து வரிசையாக வந்து, ஏற்றாத மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். முதலில் நின்றவள் வாயைத் திறந்து மூடினாள். அடுத்தவள் அவளைப் பார்த்தாள். சாமியார் இன்னொரு தடவை கூப்பிட்டார்.

எஸ்கலின் பின் வரிசையிலிருந்து எழுந்தாள். இடம் விட்டுத் தள்ளி உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் முன்னால் போகவில்லை, நின்ற இடத்திலேயே நின்று சொல்ல ஆரம்பித்தாள். கஸ்பார் என்றாள். செலஸ்டின் என்றாள். சூசை மிக்கேல், அவன் தம்பி அந்தோனி மிக்கேல் என்றாள். எழுதி வைத்த தாள் எதுவும் அவள் கையில் இல்லை, ஒவ்வொரு பெயரையும் அதனதன் வீட்டில் உட்கார்ந்து கேட்ட வரிசையில் சொன்னாள். ஒவ்வொரு பெயருக்கும் வரிசையில் யாரோ ஒருத்தியின் தோள் குலுங்கியது. அந்தப் பெயர் தன் வீட்டு ஆளுடையது என்று தெரியாமலேயே ஒவ்வொருத்தியும் அழுதாள், அழுதவள் மெழுகுவர்த்தியை ஏற்றினாள்.

கடைசியாகத் தோபியாஸ் என்றாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அமலோற்பவம் நிமிர்ந்து பார்த்தாள். யாரும் எழுந்து வரவில்லையே என்று இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, "யாரு பெத்த பிள்ளையோ, பாவம்" என்றாள்.